அரோராவில் மார்க் ட்வைன் குடியிருந்த குடிசை எங்கே?

கேள்வி இதுதான்: "செப்டம்பரில் சான் ஹோசேயிலிருந்து காரில் நெவாடா பக்கம் போகிறோம். அரோரா என்ற கைவிடப்பட்ட சுரங்க ஊரில் மார்க் ட்வைன் குடியிருந்த கேபினின் பழைய அஞ்சலட்டைப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. மலைச்சரிவில் ஒரு பலகைக் குடிசை, கீழே அவர் பெயர். அது இன்னும் நிற்கிறதா? இல்லையென்றால் அது நின்ற இடத்தையாவது கண்டுபிடிக்க முடியுமா?"

பயணத் திட்டம் போடத் தேவையானதை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருக்கும் குடிசை இப்போது அரோராவில் இல்லை, வேறெங்கும் இல்லை. 1920களில் அதைப் பெயர்த்து, நூறு மைலுக்கும் அப்பால் உள்ள ரீனோ நகரத்துக்குக் கொண்டுபோய், ட்ரக்கி ஆற்றங்கரையில் ஐடில்வைல்ட் பூங்காவில் நிறுத்தினார்கள். காவலும் இல்லை, கவனிப்பும் இல்லை. பார்க்க வந்தவர்கள் ஞாபகார்த்தமாக ஆளுக்கொரு சிம்பு பெயர்த்துக்கொண்டு போனார்கள். போகப் போகப் பெயர்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஆளே இல்லாத ஊரில் அத்தனை வருஷம் பனியையும் காற்றையும் தாங்கி நின்ற குடிசை அது.

ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அது உண்மையிலேயே ட்வைனுடைய குடிசைதானா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் "நின்ற இடத்தையாவது" என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

1862 ஏப்ரலில் அரோராவுக்கு வந்து சேர்ந்தவர் மார்க் ட்வைன் அல்ல. அப்படி ஒருவர் அப்போது கிடையாது. வந்தவர் சாமுவேல் கிளெமன்ஸ், வயது 26, மிசௌரிக்காரர். மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர், உள்நாட்டுப் போரால் பிழைப்புப் போய், நெவாடா பிரதேசத்தின் செயலாளராக நியமிக்கப்பட்ட அண்ணன் ஓரியனோடு 1861 ஆகஸ்டில் கார்சன் சிட்டி வந்தவர். வெள்ளிக் கிறுக்கு பிடித்து, அண்ணனிடம் பணம் வாங்கி, சுரங்கங்களில் 'அடி' கணக்கில் பங்கு வாங்கினார். அந்தக் காலத்தில் அங்கே பங்கு என்றால் அடிதான்: இந்தச் சுரங்கத்தில் எனக்கு 25 அடி, அந்தச் சுரங்கத்தில் 50 அடி என்று பேசிக்கொள்வார்கள். 'மார்க் ட்வைன்' என்ற அவருடைய புனைபெயர் அச்சில் வந்தது 1863 பிப்ரவரி 3 அன்று, வர்ஜினியா சிட்டியின் 'டெரிட்டோரியல் என்டர்பிரைஸ்' நாளிதழில். அப்போது அவர் அரோராவைவிட்டுப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இது ஏன் முக்கியம்? அரோராவில் இருந்த ஆயிரக்கணக்கான கடனாளி இளைஞர்களில் அவரும் ஒருவர். அவர் எந்தக் கூரைக்குக் கீழே தூங்கினார் என்று குறித்துவைக்க அன்று யாருக்கும் காரணம் இல்லை. அந்தச் சுரங்க வருஷங்களைப் பற்றி அவர் எழுதிய 'ரஃபிங் இட்' 1872ல் வெளியாகிப் புகழ் பரவிய பிறகுதான் "அவர் இருந்த குடிசை இதுதான்" என்று விரல் நீட்ட ஒரு காரணம் பிறக்கிறது. அதற்குள் பத்து வருஷம் போயிற்று, ஊரில் பாதிப் பேர் வேறு சுரங்கம் தேடிப் போய்விட்டார்கள். எழுத்தாளர் வீடு என்று எதைக் காட்டினாலும் நான் முதலில் பார்ப்பது, அந்தப் பெயர் அதற்கு எப்போது ஒட்டியது என்பதைத்தான். ஆள் இருந்தபோதே ஒட்டியதா, ஊர் காலியாகி, சுற்றுலாக்காரர்கள் கார் பிடித்து வர ஆரம்பித்த பிறகா?

இப்போது அவருடைய சொந்த வார்த்தைக்கு வருவோம். அரோராவிலிருந்து ஓரியனுக்கும் வீட்டாருக்கும் அவர் எழுதிய கடிதங்கள் பல பிழைத்திருக்கின்றன. பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேன்கிராஃப்ட் நூலகத்தில் இயங்கும் மார்க் ட்வைன் ப்ராஜெக்ட் அவற்றை விரிவான குறிப்புகளோடு பதிப்பித்திருக்கிறது, இணையத்திலும் படிக்கலாம். ஒரு எச்சரிக்கை: 'அரோரா' என்று தேடினால் பாதி தவறிப்போகும். கடிதத் தலைப்பில் அவர் எழுதுவது 'எஸ்மெரால்டா'. அது சுரங்க வட்டாரத்தின் பெயர், அரோரா அதற்குள் இருந்த ஊர். நான் முதல்முறை இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன்.

அந்தக் கடிதங்களில் பெரும்பகுதி சுரங்கக் கணக்கு. மானிட்டர், ஃப்ளைஅவே, அனிபாலிட்டன், ஹொரேஷியோ அண்ட் டெர்பி என்று அவர் பங்கு வைத்திருந்த சுரங்கங்களின் பெயர்கள், யார் எத்தனை அடி தோண்டினார்கள், பாறை எவ்வளவு கடினம், அப்புறம் "பணம் அனுப்பு". வீட்டைப் பற்றிய பேச்சு போகிறபோக்கில்தான் வரும். வந்தவுடன் அவருடைய கூட்டாளிகள் ஹொரேஷியோ ஃபிலிப்ஸும் பாப் ஹௌலண்டும். ஆகஸ்டுக் கடிதம் ஒன்றில், டான் ட்விங் என்பவரும் அவருடைய நாயும் தானும் ஒரே குடிசையில் சேர்ந்து இருப்பதாக எழுதுகிறார். அதாவது ஒரே கோடைக்குள் கூட்டாளி மாறியிருக்கிறார்.

பிறகு கால்வின் ஹிக்பி. 'ரஃபிங் இட்' இவருக்குத்தான் காணிக்கை: நாம் இருவரும் பத்து நாள் கோடீஸ்வரர்களாக இருந்த விந்தைக் காலத்தின் நினைவாக என்று. 1906ல் ட்வைன் தன்வரலாற்றைச் சொல்லி எழுதவைத்துக்கொண்டிருந்தபோது, கலிஃபோர்னியாவிலிருந்து ஹிக்பியின் கடிதம் வருகிறது. தன் அனுபவங்களைப் பத்திரிகைக்கு விற்கலாமா என்று கேட்டு. அதை ஒட்டி ட்வைன் அந்தக் காலத்தை நினைவுகூர்கிறார். தானும் ஹிக்பியும் இருந்தது ஒரு மலையடிவாரத்தில், மலிவான பருத்தித்துணியால் ஆன சாய்ப்பு என்கிறார். ஆள் இரண்டு, அடுப்பு ஒன்று, அவ்வளவுக்குத்தான் இடம். காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் நடுவே வெப்பமானி 50 டிகிரி ஏறி இறங்குமாம் (ஃபாரன்ஹீட்தான்). அரை மைல் தள்ளி ஒரு குன்றின் விளிம்பில் சுரங்கம், தினம் காலையில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவார்கள்.

துணி! உங்கள் அஞ்சலட்டையில் பலகை. 44 வருஷம் கழித்துச் சொன்ன நினைவு, அதுவும் மெருகேற்றாமல் எதையும் சொல்லிப் பழகாதவரின் நினைவு என்பதால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் தான் இருந்தது துணிக்குடில் என்று சொல்ல அவருக்கு ஒரு லாபமும் இல்லை. துணிச் சாய்ப்பு இரண்டு பனிக்காலம் தாங்காது. ஹிக்பியோடு இருந்த அந்த இருப்பிடம் 1864லேயே மண்ணோடு போயிருக்கும், 1920 வரை நின்றிருக்க வழியே இல்லை.

ஆகக் கணக்குப் பார்த்தால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய ஐந்து மாதத்தில் அவர் குறைந்தது இரண்டு, பெரும்பாலும் மூன்று கூரைகளுக்குக் கீழே இருந்திருக்கிறார். 'மார்க் ட்வைன் குடிசை' என்று ஒருமையில் கேட்டால் பதில் வராது. ரீனோவுக்குப் போனது ட்விங்கோடு இருந்த குடிசையாக இருக்கலாம், ஃபிலிப்ஸோடு இருந்ததாக இருக்கலாம், பக்கத்து வீடாகவும் இருக்கலாம்.

சரி, நிலத்தில் தேடலாமே என்றால், ஊரின் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1860 ஆகஸ்டில் மூன்று பேர் இங்கே தாதுவைக் கண்டார்கள். கடல்மட்டத்திலிருந்து 7,400 அடி உயரத்தில், பின்யான் பைன் மரங்கள் வளரும் வறண்ட மலை. மூன்றே வருஷத்தில் ஐயாயிரம் பேர், செங்கல் கட்டடங்கள், பத்திரிகைகள். பைன் தெரு, ஆன்டெலோப் தெரு என்று அளந்து போட்ட வீதிகள்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஊர் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கலிஃபோர்னியா இதைத் தன் மோனோ கவுன்ட்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைநகராக்கியது. நெவாடா இதையே தன் எஸ்மெரால்டா கவுன்ட்டியின் தலைநகராக்கியது. ஒரே ஊரில் இரண்டு நீதிமன்றம், இரண்டு வரிவசூல். 1863ல் தேர்தல் வந்தபோது மக்கள் சளைக்கவில்லை, இரண்டு பக்கமும் ஓட்டுப்போட்டார்கள். அந்த ஆண்டே நில அளவை முடிந்து, ஊர் நெவாடாவுக்குள் சில மைல் தள்ளி இருப்பது உறுதியானது. மோனோ கவுன்ட்டி அலுவலகம் மூட்டை கட்டிக்கொண்டு பிரிட்ஜ்போர்ட்டுக்குப் போய்விட்டது.

வேடிக்கை என்று சிரித்தாலும், தேடுபவருக்கு இது தலைவலி. ட்வைன் இருந்த 1862ல் ஊர் இரட்டை ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்து நிலப்பத்திரம், சுரங்க உரிமைப் பதிவு ஏதாவது வேண்டுமென்றால் கலிஃபோர்னியா பக்கம் பிரிட்ஜ்போர்ட்டிலும் பார்க்க வேண்டும், நெவாடா பக்கமும் பார்க்க வேண்டும். நெவாடா பக்கத்திலோ கவுன்ட்டித் தலைநகரம் 1883ல் அரோராவிலிருந்து ஹாத்தார்னுக்கும், 1907ல் கோல்ட்ஃபீல்டுக்கும் மாறியது. 1911ல் எஸ்மெரால்டாவிலிருந்து மினரல் கவுன்ட்டி பிரிந்து, அரோரா அதற்குள் போனது. ஒரே மனைக்கு மூன்று ஊர் ஏறி இறங்கலாம். ஏறி இறங்கினாலும், வாடகை கொடுக்கவே கையில் காசில்லாமல் நண்பர் குடிசையில் ஒட்டிக்கொண்டவர் பெயரில் பத்திரம் எதற்கு இருக்கப்போகிறது? ஆகவே தேட வேண்டியது கிளெமன்ஸ் என்ற பெயரை அல்ல, ஃபிலிப்ஸ், ஹௌலண்ட், ட்விங், ஹிக்பி என்ற நான்கு பெயர்களை. அவர்கள் வாங்கிய, விற்ற மனை ஒன்று ஆவணத்தில் அகப்பட்டு, அது பழைய வீதி வரைபடத்தோடு பொருந்தினால் மட்டுமே ஒரு மனையைச் சுட்டிக்காட்ட முடியும். அந்த ஊரை ஆராய்ந்தவர்கள் இந்த வழியில்தான் போயிருக்கிறார்கள்.

மண்ணில் என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். சொன்னால் வருத்தமாக இருக்கும். 1930களின் படங்களில் அரோராவின் பைன் தெருவில் செங்கல் கட்டடங்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய செங்கல்லுக்கு நல்ல விலை கிடைத்தது. லாரி லாரியாக ஏற்றிப் போய்விட்டார்கள். பிறகு 1980களிலிருந்து திறந்தவெளிச் சுரங்கம் வந்து குன்றுகளின் உருவத்தையே சில இடங்களில் மாற்றியது. இன்று நீங்கள் பார்க்கப்போவது செடி மூடிய அடித்தளக் குழிகள், உடைந்த கல்சுவர், சரிவில் ஒரு கல்லறைத் தோட்டம், வீதி போன தடம். அவ்வளவுதான்.

அந்தக் குழிகளில் எது பழையது என்று ஓரளவு சொல்லலாம். கான்கிரீட் தென்பட்டால் அது ட்வைன் காலம் இல்லை. 1910களில் ஊர் இரண்டாம் முறை கொஞ்ச காலம் உயிர்பெற்றது, அப்போது கட்டிய ஆலையின் அடித்தளம் பார்க்கப் பிரமாண்டமாக இருக்கும், வந்தவர்கள் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். தரையில் கிடக்கும் ஆணியைக் குனிந்து பாருங்கள். தண்டு சதுரமாக, நுனியை நோக்கி ஒடுங்கி வந்தால் தகட்டிலிருந்து வெட்டிய பழைய ஆணி. நாம் கடையில் வாங்குவதுபோல் உருண்டைத் தண்டு என்றால் கம்பி ஆணி, அது 1890களில்தான் பரவலானது. லேசாக ஊதா நிறம் ஏறிய கண்ணாடிச் சில்லு கிடந்தால் அது முதல் உலகப் போர்க் காலம் வரை மாங்கனீஸ் கலந்து செய்த கண்ணாடி, வெயில் பட்டுப் பட்டு நிறம் மாறியது. இவையெல்லாம் காலத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. அதோடு, பலகைக்கு ஏற்ற மரம் அரிதான அந்த மலையில் பலகை விலைமதிப்புள்ள பொருள். ஒரு ஊர் சரிந்தால் வீட்டைப் பிரித்து அடுத்த ஊருக்கு ஓட்டிப்போவது சாதாரணம். ஊருக்குள்ளேயே குடிசைகள் இடம் மாறும். 1920ல் ஒரு குடிசை நின்ற இடம் 1862லும் அதன் இடம் என்று சொல்ல முடியாது.

பார்க்கலாம், படம் எடுக்கலாம், எடுத்ததை அதே இடத்தில் வைத்துவிடுங்கள். அங்கே பெரும்பகுதி மத்திய அரசின் நிலம், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தோண்டுவதும் எடுப்பதும் 1979ன் தொல்பொருள் சட்டப்படி குற்றம். இடையிடையே தனியார் சுரங்க நிலமும் உண்டு, வேலி போட்டிருந்தால் தாண்டாதீர்கள். சட்டத்தைவிட அவசரமான விஷயம்: மூடாத சுரங்கக் குழிகள். புதருக்குள் கால் வைக்குமுன் பாருங்கள், பிள்ளைகளைக் கையைவிட்டு ஓடவிடாதீர்கள்.

நிறையப் பேர் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். அரோராவிலிருந்து சுமார் பத்து மைலில், கலிஃபோர்னியா எல்லைக்குள் போடி இருக்கிறது. நம் ஏலக்காய்ப் போடி இல்லை, இது தங்கப் போடி. நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள், ஜன்னல் வழியே பார்த்தால் மேஜைமேல் கோப்பைகூட அப்படியே. 1962லிருந்து மாநிலப் பூங்கா. புதுப்பிக்கவும் மாட்டார்கள், மேலும் சிதையவும் விடமாட்டார்கள். பாழூர் என்றதும் நம் மனதில் வரும் உருவம் அச்சு அசலாக இதுதான் என்பதால், ட்வைன் குடிசை எது என்று இங்கே வந்து கேட்கிறார்கள். போடி பெருத்தது 1870களின் கடைசியில். ட்வைன் அதற்கு வெகுமுன்பே கிழக்கே போய் நாடறிந்த எழுத்தாளராகிவிட்டார். போடியில் அவருக்குக் குடிசை கிடையாது. ஆனால் போய்ப் பாருங்கள்: அரோராவின் வெற்றுக் குழிகள் ஒருகாலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய அதைவிட நல்ல உதவி இல்லை. போடியில் ஒரு ஆணியை எடுத்துப் போனாலும் சாபம் பிடிக்கும் என்று ஒரு கதை உண்டு, பயந்துபோய் ஆட்கள் திருப்பித் தபாலில் அனுப்புகிறார்கள். ஐடில்வைல்ட் பூங்காவுக்கு அப்படி ஒரு கதையை யாரும் கட்டிவிடவில்லை, பாவம்.

நெவாடாவிலும் கலிஃபோர்னியாவிலும் 'ட்வைன் கேபின்' என்று பெயர் சொல்லும் வேறு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, வடக்கே யூனியன்வில். 1861 கடைசியில், பனிக்காலத்தில், அரோராவுக்கு முன்னால் அவர் வெள்ளி தேடிப் போன ஊர். பதினொரு குடிசையும் ஒரு கொடிக்கம்பமும்தான் ஊரே என்று எழுதியிருக்கிறார். பாறை இடுக்கில் குடிசை கட்டி, கித்தான் துணியைக் கூரையாகப் போட்டு, புகை போக ஒரு மூலையைத் திறந்துவிட்டார்களாம், ராத்திரியில் மாடு அதன் வழியாக உள்ளே விழுமாம். இன்று அங்கே சில குடும்பங்கள் இருக்கின்றன, ஒரு இடிபாட்டை ட்வைன் குடிசை என்று காட்டுவார்கள். அவர் அங்கே இருந்தது சில வாரம்தான். இரண்டாவது, கலிஃபோர்னியாவில் 49ம் நெடுஞ்சாலையை ஒட்டி டட்டில்டவுன் பக்கத்தில் ஜாக்கஸ் ஹில். 1864 டிசம்பரில் ஜிம் கில்லிஸ் என்ற நண்பரின் குடிசையில் போய்த் தங்கினார். பக்கத்து ஏஞ்சல்ஸ் கேம்ப்பில் கேட்ட தவளைப் பந்தயக் கதையை எழுதி 1865 நவம்பரில் வெளியிட்டுத்தான் நாடு முழுக்கத் தெரிந்த பெயரானார். அங்கே நிற்கும் குடிசை 1922ல் கட்டிய நகல், புகைபோக்கி மட்டும் பழையது என்கிறார்கள். நகல் என்று நேர்மையாகச் சொல்லிவிடுவதால் எனக்கு அந்த இடத்தின்மேல் மரியாதை.

அப்படியானால் எந்த எழுத்தாளர் குடிசையையும் உறுதியாக நிரூபிக்கவே முடியாதா? முடியும், முடிந்திருக்கிறது. ஜாக் லண்டன் 1897ல் தங்க வேட்டைக்குக் கனடாவின் யூகான் போய், டாசன் ஊருக்குத் தெற்கே ஹென்டர்சன் ஓடையில் உரிமை பதிந்து, அந்தக் குளிர்காலத்தை அந்தப் பக்கத்தில் கழித்தார். பல வருஷம் கழித்து, பொறிவைத்து விலங்கு பிடிக்கும் ஆட்கள் அங்கே ஒரு பாழடைந்த குடிசையின் கட்டையில் ஒரு வரியைப் பார்த்தார்கள்: ஜாக் லண்டன், சுரங்கக்காரர், எழுத்தாளர், 1898 ஜனவரி 27. அவர்களில் ஒருவர் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவைத்துக்கொண்டார். 1960களில் டிக் நார்த் என்ற எழுத்தாளர் அந்தப் பேச்சைப் பின்தொடர்ந்து, நாய்வண்டியில் போய்க் குடிசையைக் கண்டார். சுவரில் வெட்டிய தடம் இருந்தது, கையெழுத்தை நிபுணர்கள் பார்த்து அவருடையது என்றார்கள். பிறகு கட்டைகளைப் பங்குபோட்டு, புதுக் கட்டையும் சேர்த்து, இரண்டு குடிசைகளாகக் கட்டினார்கள். ஒன்று டாசன் சிட்டியில், இன்னொன்று கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஜாக் லண்டன் சதுக்கத்தில். நீங்கள் சான் ஹோசேக்காரர் என்றால் ஒரு மணி நேர ஓட்டம், முதலில் அதைப் போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரு கதையும் எடுபடாத காலத்திலேயே சுவரில் 'எழுத்தாளர்' என்று எழுதிவைத்த லண்டனின் துணிச்சல் நமக்கு உதவியது. கிளெமன்ஸ் அரோராவில் இருந்தபோது தன்னை எழுத்தாளர் என்று நினைக்கவே இல்லை. 'ஜாஷ்' என்ற பெயரில் வர்ஜினியா சிட்டிப் பத்திரிகைக்கு வேடிக்கைக் கடிதங்கள் அனுப்பினார், அதைப் பார்த்து வாரம் 25 டாலர் சம்பளத்துக்கு அவர்கள் வேலைக்குக் கூப்பிட்டபோதுதான் சுரங்கத்தைக் கைகழுவினார்.

அரோராவில் எதையாவது உறுதியாகப் பார்த்தே தீர வேண்டும் என்றால், குடிசையை விட்டுவிட்டு இரண்டு இடங்களுக்குப் போங்கள். ஒன்று ஊருக்கு மேலே லாஸ்ட் சான்ஸ் ஹில். பத்து நாள் கோடீஸ்வரக் கதையின் வைட் வெஸ்ட் சுரங்கம் அங்கேதான். கதைப்படி, அந்தச் சுரங்கத்துக்குள் யாரும் அறியாத தனித் தாது ரேகை ஒன்றை ஹிக்பி கண்டுபிடிக்கிறார். உரிமையைப் பதிந்துவிட்டார்கள், பத்து நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, உடம்பு முடியாமல் கிடந்த கேப்டன் நை என்பவரைக் கவனிக்க ட்வைன் நைன் மைல் ரான்ச் என்ற பண்ணைக்கு ஓடுகிறார், ஹிக்பி வேறொரு கட்டுக்கதைச் சுரங்கம் தேடி ஓடுகிறார். ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர் நம்ப, பத்தாம் நாள் நள்ளிரவில் உரிமை போய்விடுகிறது. எவ்வளவு நிஜம், எவ்வளவு ஜோடனை என்று தெரிய கடிதங்களையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், கடிதங்களில் இத்தனை நாடகம் இல்லை. இரண்டாவது இடம் அந்த நைன் மைல் ரான்ச். பெயர் மாறவில்லை, இன்று வாக்கர் ரிவர் மாநிலப் பொழுதுபோக்குப் பகுதிக்குள் இருக்கிறது.

வழி: 395ம் நெடுஞ்சாலையில் பிரிட்ஜ்போர்ட்டைத் தாண்டி 270ல் திரும்பினால் போடி 13 மைல், கடைசி மூன்று மைல் மண்சாலை. போடியிலிருந்து ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக அரோராவுக்குப் போகும் பாதை கல்லும் குழியுமாக இருக்கும், அடிவயிறு உயர்ந்த வண்டி இல்லாமல் இறங்காதீர்கள். மழை, பனி கண்ட வருஷங்களில் அந்தப் பாதையே அரித்துப் போய்க் கிடக்கும், போடியில் வனக்காவலரைக் கேட்டுவிட்டுப் போங்கள். இன்னொரு வழி நெவாடா பக்கம் ஹாத்தார்னிலிருந்து லக்கி பாய் கணவாய் ஏறி வருவது, ஒப்பிட்டால் அது தேவலாம். பெட்ரோல், தண்ணீர், செல்போன் சிக்னல் எதுவும் கிடையாது. நான் இரண்டாம் முறை போனபோது கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது, ஸ்பேர் டயரில் காற்று இல்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். மான் வேட்டைக்கு வந்த ஒருவர் தலைகாட்டும்வரை நான்கு மணி நேரம் பைன் தெருவில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு ஸ்வெட்டரும் ஒரு தொப்பியும் இரண்டுமே எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒரு வெப்பமானியும். அன்று செப்டம்பர் இரண்டாம் வாரம். காலை எட்டு மணிக்கு வண்டிக் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டினேன். மதியம் இரண்டு மணிக்கு நிழல் தேடிக் கல்சுவரை ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தேன். இரவு எட்டு மணிக்கு வண்டிக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.